பெர்னா அக்காவின் மூச்சும் மேல்வீட்டுப் புறாக்களும்

பெர்னதெத் அக்கா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. காலையில் மெட்ரோவில் உட்கார்ந்திருந்தேன். நம் வாசகர் வட்டத்தின் வாட்ஸப் குழுவில் நீலப் பின்னணியில் ஒரு குத்துவிளக்கு, அதன் இரண்டு பக்கமும் சிறகு விரித்த வெள்ளைப் புறாக்கள், நடுவில் அக்காவின் பழைய புகைப்படம். கீழே, ‘நீண்ட நாள் நுரையீரல் நோயுடன் புன்னகை மாறாமல் போராடி இறைவனடி சேர்ந்தார்’ என்று எழுதியிருந்தது. நான் படித்து முடிப்பதற்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவில் ஒருவர் வழக்கம்போல ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் அனுப்பியிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது. அக்காவின் நுரையீரலைக் கெடுத்தது புறா. அந்தக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒருவர் கண்ணையும் அந்தப் படம் உறுத்தவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடைமேடையில் நின்றபடியே நம் செயலாளருக்குப் போன் செய்தேன். “அது ரெடிமேட் டெம்ப்ளேட் மேடம். யார் தவறினாலும் அதான் போடறோம்” என்றார். படத்தை எடுத்துவிட்டாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நம் வட்டத்தின் சார்பில் இந்த அஞ்சலியை எழுதச் சொன்னபோது மனத்தைத் தொடுகிற மாதிரி எழுதும்படி கேட்டுக்கொண்டார்கள். அக்காவை அறிந்தவர்கள் நீங்கள். அவர் எழுதியிருந்தால் இதைவிடக் காரமாக இருந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்வீர்கள்.

நானும் அவரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நான் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே பெயர் வாங்கிய ஆபரேட்டர். ரிச்சர்ட்ஸ் டவுனில் தலைமுறைகளாக இருந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். வாயைத் திறந்தால் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும், அல்சூர் மார்க்கெட்டில் பழகிய தக்னி உருதுவும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். ஒருநாள் வெளியூர் லைனில் ஒரு பெரிய மனிதர், புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம் அசிங்கமாக ஏதோ பேசிவிட்டார். அந்தப் பெண் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அழுதாள். அக்கா அந்த லைனைத் தன் பக்கம் வாங்கினார். “சார், போயி வாயக் கழுவிட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்” என்று ஆரம்பித்தவர், இடையில் ஒருமுறைகூட மூச்சு வாங்காமல் மூன்று மொழிகளில் அந்த ஆளைக் காய்ச்சி எடுத்தார். மேற்பார்வையாளர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். “கலீஜ கலீஜுன்னு சொன்னதுக்கா? மாட்டேன் சார்” என்றார் அக்கா. கேட்கவும் இல்லை.

கலீஜு. அழுக்கு, அசிங்கம், கேவலம் எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். குப்பைத் தொட்டிக்கும் சொல்வார், குழைந்து பேசுகிற அதிகாரிக்கும் சொல்வார்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் போன பிறகு, ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய வீடு இருந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தன் பங்குக்கு வந்த வீட்டில் தனியாக இருந்தார். ஓய்வு பெற்றதும் என்னையும் இழுத்துக்கொண்டு நம் வட்டத்தில் சேர்ந்தார். மாதக் கூட்டத்தில் ஒரு கதையை எடுத்து அவர் வாசித்தால், பின்வரிசையில் பக்கோடா தின்றுகொண்டிருப்பவர்களும் மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். நீண்ட வாக்கியங்கள்தான் அவருக்குப் பிடிக்கும். “குட்டிக் குட்டியா எழுதறான் மேன், தந்தி அடிக்கற மாதிரி” என்று சில எழுத்தாளர்களை ஒதுக்கிவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு கூட்டத்தில் வாக்கியத்தின் நடுவில் நின்றார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்து, மறுபடி நின்றார். வறட்டு இருமல். தூசி, பருவம், வயசு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, கீழே போகிறவர்களை வேடிக்கை பார்ப்பதுபோல நடிக்க ஆரம்பித்தார். கடைசியில் நான்தான் வற்புறுத்தி நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே அந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “சிகரெட்?” இரண்டாவது கேள்வி, “வீட்டுப் பக்கம் புறா வருமாம்மா?”

அக்கா சிரித்தார். “புறா வராத வீடு பெங்களூர்ல எங்க இருக்கு டாக்டர்?”

மருத்துவர் சிரிக்கவில்லை. புறாவின் எச்சமும் இறகுத்தூளும் காய்ந்து காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போகும் என்றார். பலருக்கு அது ஒன்றும் செய்யாது. சிலருக்கு மட்டும் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டு, சண்டை போட்டுப் போட்டு நுரையீரலையே தழும்பாக்கிவிடும். தழும்பான இடம் விரியாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதல் மருந்து, புறா இல்லாத இடத்தில் இருப்பது.

அக்கா வீட்டுக்கு நேர் மேல்வீட்டில் இருப்பவர் நடராஜன் சார். அவரை உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, நம் வட்டத்தின் புரவலர், விழாக்களில் முதல் வரிசைக்காரர். தினமும் குளித்து, நெற்றியில் இட்டுக்கொண்டு, பால்கனியிலும் மொட்டை மாடியிலும் சோளம் இறைப்பார். அந்த நேரத்துக்குப் புறாக்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்கும். தின்றுவிட்டு அவை உட்காருகிற இடம் அக்கா வீட்டு ஜன்னல் விளிம்புகளும் துணி காயவைக்கிற கம்பியும். அந்த விளிம்புகளை நான் பார்த்திருக்கிறேன். சாம்பலும் வெள்ளையுமாக, விரல் கனத்துக்கு அடை அடையாக எச்சம். அதில் ஒட்டிய இறகுகள். வெயில் ஏறினால் ஒரு புளித்த வாடை. காற்றடித்தால் அது பொடியாகிச் சமையலறைக்குள் வரும்.

ஸ்கேன் எடுத்த வாரமே நாங்கள் இருவரும் மேலே போனோம். காபி கொடுத்தார். மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அம்மா, வாயில்லா ஜீவன் அது. எப்படிம்மா நான் பட்டினி போடறது?” என்றார்.

அக்கா ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று சொன்னார்: “எனக்கும் இப்ப வாயில்ல சார். எனக்கு என்ன போடறீங்க?”

அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு கட்டடத்துச் சங்கக் கூட்டம். நானும் உடன் போயிருந்தேன். ஒருவர் புண்ணியம் என்றார். ஒருவர், எங்களுக்கெல்லாம் ஒன்றும் வரவில்லையே என்றார். ஓர் அம்மாள் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, “சின்ன வயசுல ஸ்மோக் பண்ணுவாங்களா?” என்று கேட்டார், அக்கா பக்கத்திலேயே இருக்கும்போது. அக்கா பதில் சொல்ல எழுந்தார். முதல் சொல் வந்ததும் இருமல் வந்தது. “பாவம், அவங்கள விடுங்க, நாம முடிவு பண்ணிக்கலாம்” என்று ஒருவர் முடித்துவைத்தார். அக்கா தன் செலவில் வலை அடித்துக்கொள்ளலாம் என்பது முடிவு. வலை எச்சத்தைத் தடுக்குமே தவிர தூளைத் தடுக்காது என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் எல்லோரும் வாகனம் நிறுத்தும் பிரச்சினைக்குப் போய்விட்டார்கள்.

பிறந்து வளர்ந்த மண்ணைவிட்டு, அந்த வயதில், அவர் அல்சூரில் ஒரு சந்துக்குள் தரைத்தள வீட்டை வாடகைக்குப் பிடித்தார். விருப்பப்பட்டு மாறினார் என்று நம்மில் சிலர் பேசியது அவர் காதுக்கு வந்தது. “நான் போனேனா, துரத்துனாங்களா மல்லி? நீயே சொல்லு” என்றார் என்னிடம். புது வீட்டில் இருமல் குறைந்தது. தழும்பு குறையவில்லை. கொஞ்ச நாளில் மூக்கில் குழாயும், அறை மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும் ஆக்சிஜன் இயந்திரமும் வந்தன. வெளியே போக, தோளில் மாட்டிக்கொள்கிற சின்ன இயந்திரம் ஒன்று.

இந்த நோய் ஒரு மனிதரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். தலைக்குக் குளித்தால் அந்த நாள் முழுவதும் அதற்கே போய்விடும். தலை வாருவதற்குக் கையைத் தூக்கினால் மூச்சு வாங்கும். சாப்பிடும்போது பேச முடியாது, பேசினால் சாப்பிட முடியாது. சிரிக்க பயம். செருப்பு மாட்டக் குனிய முடியாமல், குனியத் தேவையில்லாத செருப்பாகத் தேடி வாங்கிக்கொண்டார். இதையெல்லாம்விட அவருக்குக் கசந்தது வேறு. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி மூச்சுக்காக நின்றால், எதிரில் இருப்பவர் அதை முடித்துவிடுவார். தப்பாக முடிப்பார். அக்கா தலையை ஆட்டி மறுப்பார். மறுபடி வேறுமாதிரி தப்பாக முடிப்பார். “என் வாய்க்குள்ள கைய விடற மாதிரி இருக்கு மேன். கலீஜு” என்று ஒருமுறை சொன்னார்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, உங்க நம்பர் ரொம்ப நல்லா இருக்கு” என்றார். அக்கா நிதானமாக மூச்சைச் சேர்த்துக்கொண்டு, “நம்பர் நல்லா இருக்கட்டும் தம்பி. நான் நல்லா இல்ல. யார பாக்கறதுக்கு வந்த நீ?” என்றார். அந்தப் பையன் நல்லவன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உங்களுக்கு என்ன செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டான். யாரும் அதுவரை கேட்டதில்லை. அக்கா யோசித்தார். “ஹோட்டல்ல மசால் தோசை” என்றார்.

அவன் ஒரு பயிற்சியாளரிடம் அனுப்பினான். உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல விடுவது, எங்கே நடை, எங்கே ஓய்வு என்று பிரித்துக்கொள்வது எல்லாம் பழகிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை நாங்கள் ஆட்டோவில் அவர் தெருமுனையில் இருக்கிற தர்ஷினி ஹோட்டலுக்குப் போனோம். தர்ஷினியில் நாற்காலி கிடையாது, நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். அக்கா மடக்கு ஸ்டூல் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைப் போட்டு உட்கார்ந்ததும் எவர்சில்வர் மேசையின் விளிம்பு அவர் மூக்குக்கு வந்தது. தட்டை மடியில் வாங்கிக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர் குழாயைப் பார்த்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, என்னிடம் கிசுகிசுப்பாக, “டிபியா?” என்றார்.

அக்காவே பதில் சொன்னார். “இல்ல. புறா.”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். டிபி இருந்தால் மட்டும் அப்படிப் போகலாமா என்று அக்காவுக்குக் கோபம். மேசை துடைக்கிறவர், “நிதானக்கெ தின்னி அம்மா” என்று மெதுவாகச் சாப்பிடச் சொல்லிவிட்டு, அடுத்த ஆட்கள் எங்கள் மேல் இடிக்காதபடி வாளியைக் குறுக்கே வைத்துவிட்டுப் போனார். பாதி தோசை தின்று, ஓய்வெடுத்து, ஆறிப்போன மீதியையும் தின்றார். “வீட்ல தனியா தின்னா அது தீனி. இங்க தின்னாதான் சாப்பாடு” என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த களையை நோய் வந்தபிறகு நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது நம் ஆண்டு விழாவுக்கு வருகிறேன். நீங்கள் பலரும் அங்கே இருந்தீர்கள்.

அக்கா ஒரு பக்கம் வாசிப்பதாக ஏற்பாடு. அதற்காகப் பல வாரம் பழகினார். எந்தச் சொல்லுக்குப் பிறகு மூச்சு வாங்குவது என்று பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டுக்கொண்டார். நீண்ட வாக்கியங்களையே எடுத்திருந்தார். விழா அன்று அரங்கத்துக்குப் போன பிறகுதான் செயலாளர் வந்து, இயந்திரச் சத்தம் மைக்கில் ஏறும், வீடியோ கெட்டுவிடும், அதனால் வாசிப்புக்குப் பதிலாக ஒரு கௌரவம் செய்கிறோம் என்றார். அக்கா மறுத்துச் சொல்லத் தொடங்குவதற்குள் மேடையில் உட்காரவைத்துவிட்டார்கள், குத்துவிளக்குக்குப் பக்கத்தில். விளக்கடியில் ஒரு கொத்து ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

நடராஜன் சார்தான் பொன்னாடை போர்த்தினார். தன்னம்பிக்கையின் சின்னம் என்று ஒருவர் பேசினார். நான் பின்வரிசையில் இருந்தேன். அக்காவின் தோள்கள் ஏறி இறங்குவது அங்கிருந்தே தெரிந்தது. எழுந்து முன்னால் ஓடினேன். அதற்குள் அக்கா கையை நீட்டி மைக்கை வாங்கினார். “எனக்கு” என்றார். மூச்சு நின்றது. “எனக்கு இந்த” என்றார். கண்ணில் நீர் கொட்டியது.

செயலாளர் மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டு அரங்கத்தைப் பார்த்துச் சொன்னார்: “நன்றி சொல்ல வார்த்தை வராமல் நெகிழ்ந்துபோயிருக்கிறார்.”

நீங்கள் கைதட்டினீர்கள். சிலர் எழுந்து நின்று தட்டினீர்கள்.

நான் மேடையேறி ஊதுவத்திக் கொத்தைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். அபசகுனம் என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. அக்காவைக் கைத்தாங்கலாக வெளித் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். பொன்னாடையை உருவிப் பெஞ்சில் போட்டார். வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது. “எனக்கு இந்த ஊதுவத்தி ஆகாதுன்னு சொல்ல வந்தேன். இவ்ளோதான். அதுக்குக் கைதட்டறாங்க மல்லி.” பிறகு கைப்பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். உள்ளே வேறு யாரோ வரவேற்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பென்சில் கோடு போட்ட இடங்களில் நின்று, கோடு போடாத இடங்களிலும் நின்று, ஒரு சொல் விடாமல் எனக்கு வாசித்துக் காட்டினார். நல்ல வாசிப்பு அது. நீங்கள் கேட்கவில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒரு சாதாரண சளி வந்தது. நமக்கென்றால் கஷாயத்தில் போயிருக்கும். அவரிடம் அதைத் தாங்க மிச்சம் எதுவும் இல்லை. மருத்துவமனையில் நான் கடைசியாகப் பார்த்தபோது முகமூடியை விலக்கச் சொல்லிக் கை காட்டினார். “போராடுனான்னு எவனாவது எழுதுவான். விடாத. நான் யார் கூடயும் போராடல. மூச்சு விட்டுட்டு இருந்தேன். அதுக்கே நேரம் போயிடுச்சு.” இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நிறைய நேரம் ஆயிற்று. நான் இருந்து கேட்டுக்கொண்டேன்.

கல்லறையில் நல்ல கூட்டம். மழையில் சேறாகிக் கிடந்தது. நடராஜன் சார் பெரிய மலர்வளையத்தோடு வந்திருந்தார். பெட்டியை இறக்கி மண் போட்டபிறகு என் பக்கம் வந்தார். கண் கலங்கியிருந்தது. அவர் பொய்யாக அழுகிறவர் இல்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்: “இன்னிக்குக் காலைல அவங்க பேரச் சொல்லி ஒரு மூட்டை சோளம் எக்ஸ்ட்ரா வாங்கிப் போட்டேன்மா. அந்தப் புண்ணியம் அவங்களுக்குப் போகட்டும்.”

“சீ” என்றேன்.

அவர் குனிந்து, எதை மிதித்துவிட்டோம் என்று தன் ஷூவைப் பார்த்தார்.

அங்கே இன்னும் பேசினால் கத்திவிடுவேன் என்று தோன்றியது. ஒன்றே ஒன்று கேட்டேன். “அக்கா வீட்ல இப்ப யாரு சார் குடியிருக்காங்க?”

“யங் கப்பிள்மா. நல்ல மாதிரி. கைக்குழந்தை ஒண்ணு இருக்கு. அந்தப் பாப்பாவுக்கும் புறான்னா உயிர்” என்றார், ஷூவைப் புல்லில் தேய்த்துக்கொண்டே.

மறுநாள் போனேன். கதவைத் திறந்த பெண்ணுக்குச் சேலத்துப் பக்கம். இடுப்பில் குழந்தை. அக்காவின் சிநேகிதி என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். சமையலறை ஜன்னலில் வலையை ஒரு பக்கம் கிழித்துவிட்டு, விளிம்பில் ஒரு கிண்ணத்தில் அரிசி வைத்திருந்தார்கள். குழந்தை அதைப் பார்த்துக் கையை நீட்டிக் குதித்தது. “இவ சாப்பிட மாட்டா ஆன்ட்டி. புறாவக் காட்டித்தான் ஊட்டணும்” என்றாள் அந்தப் பெண்.

நான் சுபாவத்தில் சாந்தமாகப் பேசுகிறவள். எதிராளிக்கு வருத்தம் வராதபடி சொல்லைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் சொல்லவந்ததே இல்லாமல் போகிறமாதிரி பேசிவிடுவேன். அன்று அப்படிப் பேசவில்லை. விளிம்பில் இருந்த அடையைக் காட்டி, இது என்ன, இது காய்ந்தால் எங்கே போகும், இந்த வீட்டில் இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று சொன்னேன்.

“மேல்வீட்டு அங்கிள் ஒண்ணும் ஆகாதுன்னாரே” என்றாள்.

“நிறைய பேருக்கு ஆகாதும்மா. யாருக்கு ஆகும்னு முன்னாடியே சொல்ல முடியாது. அவங்களுக்கு ஆச்சு. நேத்துதான் அடக்கம் பண்ணோம்.”

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கிண்ணத்தை எடுத்தாள், ஜன்னலைச் சாத்தினாள். மேலிருந்து சோளம் விழுகிற சத்தமும் சிறகடிப்பும் மூடிய கண்ணாடிக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்தன. “நான் நிறுத்துனாலும் அவர் போடுவாரே ஆன்ட்டி” என்றாள்.

“வா, போய்ச் சொல்லலாம்” என்றேன்.

குழந்தையோடு மூவரும் மேலே போனோம். அழைப்பு மணியை நான்தான் அழுத்தினேன். உள்ளே காலடிச் சத்தம் வரும்வரை, வழக்கமாக நான் செய்வதுபோல, முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொள்ளப் பார்த்தேன். வரவில்லை. பெர்னா அக்காவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். அருவருப்பை அருவருப்பாகவே முகத்தில் வைத்துக்கொண்டு, கதவு திறப்பதற்காக நின்றேன்.